ஹாட்ஃபுல் ஆஃப் ஹாலோ

மான்செஸ்டர் நகரத்து ராக் இசைக்குழுவான தி ஸ்மித்ஸ், தன் முதல் இசைத்தட்டு வெளிவந்த 1984-ஆம் ஆண்டிலேயே, நவம்பர் மாதத்தில், ரஃப் டிரேட் நிறுவனத்தின் வாயிலாக வெளியிட்ட தொகுப்பு. பி.பி.சி. வானொலியில் ஜான் பீல், டேவிட் ஜென்சன் ஆகியோரின் நிகழ்ச்சிகளுக்கெனப் பதிவான பாடல்களும், தனித்தட்டுகளில் வந்தவையும், அவற்றின் மறுபக்கங்களில் ஒதுங்கிக் கிடந்தவையும் இதில் இடம்பெற்றன. முதல் தட்டில் சற்றே மங்கித் தெரிந்த ஜானி மாரின் கிதார், இங்கே மெருகு பூசாத சுபாவத்தோடு, தந்திக்குத் தந்தி தெளிந்து ஒலித்து, விஷாதமும் பரிகாசமும் கலந்த மாரிஸியின் குரலுக்கு இணையாக நடைபோடுவதால், இதனையே குழுவின் யதார்த்த ஸ்வரூபமென்று ரசிகர் பலர் கொண்டாடுவது நியாயமே. நடுங்கும் கிதார் நாதத்தால் பிற்பாடு பெரும் பிரசித்தி அடைந்த ‘ஹவ் சூன் இஸ் நௌ?’, அதற்குமுன் 12 அங்குலத் தட்டொன்றின் பின்புறத்தில்தான் கிடந்தது. 3.99 பவுண்டுக்கு மேல் கொடுக்க வேண்டாமென்று உறையிலேயே அச்சிட்டிருந்தது, கைச்செலவுக்குத் திண்டாடிய இளைஞருக்குச் செய்த உபகாரம்.