நஞ்சறுப்பான்

நஞ்சறுப்பான் (தைலோபோரா இண்டிகா) என்பது இந்தியா, இலங்கை, தென்கிழக்கு ஆசியா ஆகிய இடங்களில் இயற்கையாக வளரும் ஒரு பல்லாண்டுக் கொடி ஆகும். ஈழை நோய் எனப்படும் ஆஸ்துமாவுக்கு இதன் இலை நாட்டு மருந்தாகப் பயன்பட்டு வந்துள்ளது. ஈழை நோய் என்பது நுரையீரலின் மூச்சுக் குழல்களில் ஏற்படும் நாட்பட்ட அழற்சி ஆகும். இவ்விலை 1960களிலேயே மனிதர்களிடம் முறையாகச் சோதிக்கப்பட்டது. தொடக்கச் சோதனைகள் நற்பலன் காட்டின. பின்னர் நடந்த ஒரு சோதனையில் அப்பலன் காணப்படவில்லை.

பெயரும் வகைப்பாடும்

நஞ்சை அறுப்பது என்னும் பொருளில் இப்பெயர் அமைந்தது. முன்னர் எருக்கங் குடும்பத்தில் வைக்கப்பட்டிருந்த இக்கொடி, தற்போது அலரிக் குடும்பத்தில் சேர்க்கப்படுகிறது. அண்மைக்கால வகைப்பாட்டில் வின்சிடாக்சிகம் இண்டிகம் என்ற பெயரும் வழங்குகிறது.

மரபு வழிப் பயன்பாடு

இதன் வேரும் இலையும் வாந்தி உண்டாக்கவும், கழிச்சல், இருமல், இரைப்பு ஆகியவற்றுக்கும் பயன்பட்டன. சோழமண்டலக் கரையில் இதன் வேர் இப்பிகாக் என்னும் அமெரிக்க மூலிகைக்கு மாற்றாகப் பயன்பட்டதைத் தாவரவியலாளர் வில்லியம் ராக்ஸ்பர்க் குறித்துள்ளார். இதனால் ஆங்கிலத்தில் இது இந்திய இப்பிகாக் எனப்படுகிறது. 1868 ஆம் ஆண்டின் இந்திய மருந்து நூலிலும் இதன் இலை இடம்பெற்றது.

வேதிப்பொருட்கள்

1935 இல் இரத்தினகிரீசுவரன், வெங்கடாசலம் ஆகியோர் இதிலிருந்து தைலோபோரின், தைலோபோரினின் என்னும் இரு காரப்போலிகளைப் (ஆல்கலாய்டுகள்) பிரித்தெடுத்தனர். தைலோபோரின் அழற்சியைக் குறைப்பதாக விலங்குச் சோதனைகள் காட்டின. எலிகளில் இம்மூலிகை அண்ணீரகச் சுரப்பியைத் தூண்டுவதாக 1991 இல் ஓர் ஆய்வு தெரிவித்தது. எனினும் எலியில் கிடைத்த விளைவு மனிதரிடமும் கிடைக்கும் எனக் கொள்ள இயலாது.

மனிதர்களிடம் சோதனைகள்

தில்லி வல்லபாய் பட்டேல் நெஞ்சக நிறுவனத்தைச் சேர்ந்த சிவ்புரியும் அவரது குழுவினரும் 1969 இல் வெளியிட்ட ஆய்வு குறிப்பிடத்தக்கது. இதில் 110 நோயாளர் பங்கேற்றனர். நாளொன்றுக்கு ஓர் இலை வீதம் 6 நாட்கள் மென்று விழுங்க வேண்டும். ஒப்பீட்டுக்காக மருந்துப்போலியும் தரப்பட்டது. இது இருமறைப்பு ஆய்வு ஆகும். அதாவது எவர் எதைப் பெறுகிறார் என்பது நோயாளருக்கும் மருத்துவருக்கும் அறிவிக்கப்படுவதில்லை.

முதல் வார முடிவில், இலை உண்டவர்களில் 62 விழுக்காட்டினரும் மருந்துப்போலி பெற்றவர்களில் 28 விழுக்காட்டினரும் நடுத்தரம் முதல் முழுமை வரையிலான தணிவு பெற்றனர். வாரங்கள் செல்லச் செல்ல இத்தணிவு குறைந்தது. 1972 இல் இதே குழு இலையின் சாராயச் சாற்றைக் கொண்டு நடத்திய சோதனையும் சாதகமாகவே அமைந்தது. 1978 இல் மருத்துவர் கே. வி. திருவேங்கடமும் பிறரும் இதனை அன்றைய வழக்கமான ஈழை மருந்து ஒன்றுடன் ஒப்பிட்டு ஆராய்ந்தனர்.

1979 இல் குப்தாவும் பிறரும் 135 நோயாளரிடம் நடத்திய இருமறைப்பு ஆய்வில், இம்மூலிகைக்கும் மருந்துப்போலிக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

முடிவுகளை மதிப்பிடுதல்

ஈழை நோய் தானாகவே கூடியும் குறைந்தும் வரும் இயல்புடையது. 1969 ஆய்வில் மருந்தே இல்லாமல் 28 விழுக்காட்டினர் தணிவு பெற்றதை நோக்குக. ஒப்பீடு இல்லாதிருந்தால் அத்தகைய தணிவும் மூலிகையின் பலனாகவே எண்ணப்பட்டிருக்கும். "உண்டேன், குணமானது" என்னும் அனுபவம் மட்டும் சான்றாகாததன் காரணம் இதுவே.

பக்க விளைவுகள் மற்றொரு சிக்கல். இவ்விலையை மெல்லுபவருக்கு வாய்ப்புண், சுவை குன்றுதல், குமட்டல், வாந்தி ஆகியன ஏற்படலாம். இவற்றை உணரும் நோயாளர் தாம் பெறுவது மூலிகையே என ஊகித்துவிடக்கூடும். அவ்வாறு ஊகித்தால் மறைப்பு முறிந்து, எதிர்பார்ப்பே தணிவு உணர்வைக் கூட்டக்கூடும். மேலும் செடி, பருவம், உலர்த்தும் முறை ஆகியவற்றுக்கேற்பக் காரப்போலி அளவு மாறக்கூடியது. எனவே "ஓர் இலை" என்பது நிலையான மருந்தளவு அன்று. இலை, சாறு, பொடி என வெவ்வேறு வடிவங்களில் நடந்த சோதனைகளை நேரடியாக ஒப்பிடுவதும் கடினம்.

எச்சரிக்கை

இவ்வகைக் காரப்போலிகள் உயிரணுக்களில் புரத உருவாக்கத்தைத் தடுக்க வல்லவை. நஞ்சறுப்பானுக்கு நெருங்கிய உறவுடைய ஆத்திரேலியக் கொடி ஒன்றின் தைலோகிரெபிரின் என்னும் காரப்போலி, 1960களில் புற்றுநோய் மருந்தாகச் சோதிக்கப்பட்டு, நரம்பு மண்டலப் பாதிப்பினால் கைவிடப்பட்டது. ஈழை நோயின் கடும் தாக்கம் உயிருக்கு ஆபத்தானது. மூச்சுக் குழல் அழற்சியைக் கட்டுப்படுத்தும் உள்ளிழுப்பு மருந்துகளை நிறுத்திவிட்டு இவ்விலையை நாடுவது தகாது.

இவற்றையும் பார்க்க

ஆடாதோடை
ஈழை நோய்
மருந்துப்போலி