ஜப்பான் வாட்ச்: அழகு எங்கேர்ந்து வந்துச்சு?

ஜப்பான் வாட்ச்னு சொன்னா நம்மாளுங்களுக்கு ரெண்டு விஷயம்தான் ஞாபகத்துக்கு வரும். ஒண்ணு, சிங்கப்பூர்லேர்ந்தோ துபாய்லேர்ந்தோ லீவுக்கு வந்த மாமா கையில மின்னின தங்கக் கலர் சீக்கோ. இன்னொண்ணு, பட்டனை அமுக்கினா லைட் எரியுற கேசியோ. (நம்ம எச்எம்டியும் பாதி ஜப்பான்தான். 1961-ல பெங்களூர்ல அவங்க வாட்ச் தயாரிக்க ஆரம்பிச்சது ஜப்பானோட சிட்டிசன் கம்பெனி கூட்டுலதான்.) எல்லாமே நல்லா உழைக்கும். ஆனா அதைப் போய் யாரும் "கலை"ன்னு சொன்னதில்லை.

இன்னிக்கு நிலைமை வேற. பல லட்ச ரூபாய் விலையுள்ள ஜப்பானியக் கைக்கடிகாரங்கள் வந்தாச்சு. அதுங்களோட விளம்பரத்தைப் படிச்சா பனி, மூங்கில், ஜென், வாபி-சாபின்னு ஒரே கவிதையா கொட்டும். இதுல எது நிஜமான மரபு, எது விக்கிறதுக்காகப் பூசின சந்தனம்? கொஞ்சம் தோண்டிப் பாக்கலாம்னுதான் இந்தப் பதிவு. நீளமான பதிவு மக்களே, காபி எடுத்துட்டு வந்து உக்காந்துக்கோங்க :-)

சுருங்கி விரியும் மணி

ஐரோப்பியக் கடிகாரம் ஜப்பானுக்குள்ள நுழைஞ்சது 16-ம் நூற்றாண்டுல, கிறிஸ்தவப் பாதிரியார்கள் மூலமா. 1551-ல பிரான்சிஸ் சேவியர் யமகுச்சியை ஆண்ட பிரபுவுக்கு ஒரு கடிகாரத்தைப் பரிசாக் கொடுத்ததாச் சொல்வாங்க. அடுத்த நூற்றாண்டுல டொகுகாவா ஆட்சி வெளிநாட்டுத் தொடர்பை எல்லாம் இறுக்கி அடைச்சிட்டுது. கையில கடிகாரம் இருக்கு. ஆனா அது காட்டற நேரம் ஜப்பானோட நேரம் இல்லை.

ஏன்னா, அங்க மணியே வேற மாதிரி. விடியலுக்கும் அந்திக்கும் நடுவுல ஆறு பங்கு. அந்தியிலேர்ந்து மறுபடி விடியற வரைக்கும் ஆறு பங்கு. கோடையில பகல் பங்கு நீளும், குளிர்காலத்துல சுருங்கும். (சூரிய உதயம் பார்த்து ராகுகாலம் கணக்குப் போடறவங்களுக்கு இது சட்டுனு புரிஞ்சிடும்.) எடோ நகரத்துல, அதாவது இன்னிக்கு டோக்கியோல, கோடை உச்சத்துல ஒரு பகல் பங்கு சுமார் 2 மணி 40 நிமிஷம். அதே நாள் ராத்திரி பங்கு 1 மணி 20 நிமிஷம்தான். எண்ணற வரிசையும் தலைகீழ். நடுப்பகல் 9, அதுக்கப்புறம் 8, 7, 6, 5, 4. நடுராத்திரிக்கு மறுபடி 9.

இயந்திரத்துக்கோ ஒரே வேகத்துல ஓடத்தான் தெரியும். நாமளா இருந்தா "கடிகாரம் சொல்றபடி நடந்துக்குவோம்"னு போயிருப்போம். அவங்க கடிகாரத்தை வளைச்சாங்க! ரெண்டு துலாக்கோல் வெச்சாங்க. பகலுக்கு ஒண்ணு, ராத்திரிக்கு ஒண்ணு. விடியும்போதும் இருட்டும்போதும் அதுவே ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்கு மாறிக்கும். பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா துலாக்கோல்ல தொங்கற சின்ன எடைக்கல்லை நகர்த்தி வெச்சா வேகம் பருவத்துக்கு ஏத்தபடி ஆயிடும். இன்னொரு வகையில வேகத்தைத் தொடவே மாட்டாங்க. டயல்ல இருக்கற மணிக்குறிகளையே நெருக்கியும் தள்ளியும் வெச்சுப்பாங்க. இதுக்கெல்லாம் பேரு வாடொகெய், ஜப்பான் கடிகாரம்.

இந்தக் கலையோட உச்சம் 1851. டனாகா ஹிசாஷிகேங்கிற கைவினைஞர் ஒரு கடிகாரம் செஞ்சார். ஒருக்கா சாவி கொடுத்தா ஒரு வருஷம் ஓடும்படி திட்டமிட்டது. சுத்தி ஆறு முகம். மேல கண்ணாடிக் கூண்டுக்குள்ள ஜப்பான் வரைபடம், அது மேல சூரியனும் சந்திரனும் நகரும். பருவத்துக்கு ஏத்தபடி மணிக்குறிகள் தானாவே நெருங்கி விலகும். அடிப்பாகம் முழுக்க எனாமலும் முத்துச்சிப்பிப் பதிப்பும். இதே டனாகா தொடங்கின பட்டறைதான் பின்னாடி தோஷிபா கம்பெனியோட வேர்கள்ல ஒண்ணா ஆச்சு. 2005 ஐச்சி கண்காட்சிக்காக இந்தக் கடிகாரத்தைப் பிரிச்சுப் பார்த்து நகல் செய்ய நூறுக்கு மேல இஞ்சினியர்கள் தேவைப்பட்டாங்கன்னா பாத்துக்கோங்க.

ஒரே ராத்திரியில போன நேரம்

22 வருஷம்தான். எல்லாம் போச்சு.

மெய்ஜி அரசு மேற்கத்திய காலண்டரையும் 24 மணிக் கணக்கையும் எடுத்துக்கிச்சு. 1872-ல கிட்டத்தட்ட முன்னறிவிப்பே இல்லாம ஆணை வந்துது. பழைய கணக்குல 12-ம் மாசம் ரெண்டே நாள்தான் இருந்துது. மூணாம் நாளை 1873 ஜனவரி 1-ன்னு அறிவிச்சிட்டாங்க. இதுல ஒரு சூப்பர் மேட்டர் இருக்கு. பழைய காலண்டர்படி அடுத்த வருஷத்துக்கு 13 மாசம். அரசு ஊழியருக்கு 13 சம்பளம் கொடுத்தாகணும். காலண்டரை மாத்தினதுல அந்த மாசச் சம்பளமும் மிச்சம், ரெண்டு நாள் டிசம்பர் சம்பளமும் மிச்சம். அப்போ அரசுல இருந்த ஒகுமா ஷிகெனோபுவே பின்னாடி இதை ஒத்துக்கிட்டிருக்கார். அரசாங்கம்னா எல்லா ஊர்லயும் அரசாங்கம்தான்!

ஆனா வாடொகெய் செய்றவங்களை நினைச்சுப் பாருங்க. ஒரு நாளைக்கு முன்னாடி வரைக்கும் பரம்பரைத் தொழில். மறுநாள் அது வெறும் காட்சிப்பொருள்.

காலியான அந்த இடத்துல வந்தவர்தான் ஹத்தோரி கின்டாரோ. 1881-ல டோக்கியோல கடை, 1892-ல சீக்கோஷா தொழிற்சாலை, 1913-ல ஜப்பானோட முதல் கைக்கடிகாரமான லாரல். வெள்ளை எனாமல் டயல், அதுல 12 மட்டும் சிவப்பு. 1923 பூகம்பத்துல தொழிற்சாலை எரிஞ்சபோது, ரிப்பேருக்கு வந்திருந்த சுமார் 1,500 வாட்சும் சேர்ந்து போயிடுச்சு. அத்தனைக்கும் பதிலா புது வாட்ச் கொடுத்தார். அடுத்த வருஷம் டயல்ல "சீக்கோ"ன்னு பேர் வந்துது. மனுஷன் பெரிய மனுஷன்தான். ஆனா அவர் செஞ்சது சுவிஸ் மாதிரி, அமெரிக்கா மாதிரி நல்ல வாட்ச். "ஜப்பான் அழகு"ங்கிற பேச்சே அப்ப இல்லை.

ஷோகேஸ்ல நடந்த அவமானம்

அந்தப் பேச்சுக்கான விதை விழுந்தது ஒரு கடையில.

1960-ல கிராண்ட் சீக்கோ வந்துது. துல்லியத்துல சுவிஸ் தரத்துக்குச் சமம்னு ஒரு சவால். விலை 25,000 யென். அதுக்கு முந்தின வருஷம்தான் டாரோ டனாகாங்கிற இளைஞர் டிசைன் படிச்சிட்டு சீக்கோவுல சேர்ந்திருந்தார். (கடிகாரம் செஞ்ச டனாகா வேற, இவர் வேற.) 1962-ல கின்ஸாவுல இருக்கற வாக்கோ கடைக்குப் போறார். ஷோகேஸ்ல சுவிஸ் வாட்சும் சீக்கோவும் பக்கத்துப் பக்கத்துல. சுவிஸ் வாட்ச் தூரத்துலேர்ந்தே பளபளன்னு கூப்பிடுது. சீக்கோ மங்கலா உக்காந்திருக்கு. உள்ள மெஷின் எவ்வளவு துல்லியமா ஓடினாலும் ஷோகேஸ்ல அது தெரியாதே!

அவர் ஒரு இலக்கணம் எழுதினார். "டிசைன் இலக்கணம்"னே அதுக்குப் பேரு. சாரம் இதுதான். கேஸ், டயல், முள் எல்லாத்துலயும் தட்டையான பரப்புகள் முதன்மை. வளைவு வேணும்னா ஒரு திசையில மட்டும் வளையணும், கிண்ணம் மாதிரி இல்லை. பரப்புகள் கண்ணாடி மாதிரி இருக்கணும், பிம்பம் துளியும் நெளியக் கூடாது. இந்த விதிகள் முழுசா உருவம் எடுத்தது 1967-ல வந்த 44ஜிஎஸ் மாடல்ல.

ஏன் தட்டை? வளைஞ்ச பரப்பு எந்தப் பக்கம் திருப்பினாலும் கொஞ்சம் மின்னிக்கிட்டே இருக்கும். தட்டைப் பரப்பு அப்படி இல்லை. ஒரு கோணத்துல வெள்ளியா எரியும், அரை டிகிரி திருப்பினா கருப்பா அணைஞ்சிடும். பக்கத்துப் பக்கத்துல ரெண்டு பரப்பு, ஒண்ணு வெளிச்சம், ஒண்ணு நிழல், நடுவுல கத்தி மாதிரி ஒரு விளிம்பு. ஷோஜிக் காகிதக் கதவு வழியா வர்ற வெளிச்சத்தையும் நிழலையும் இதுக்கு உவமையாச் சொல்றாங்க. ஜூனிச்சிரோ தனிசாகி 1933-ல நிழலைப் புகழ்ந்து ஒரு பெரிய கட்டுரை எழுதினவர். அரக்குப் பாத்திரத்தோட அழகு மங்கின வெளிச்சத்துலதான் தெரியும்ங்கிறது அவர் கட்சி. ஆக, இந்த மரபு வெறும் கட்டுக்கதை இல்லை.

ஆனா வாபி-சாபின்னு சொல்றதை மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன். வாபி-சாபி குறையில, பழசுல, தேய்மானத்துல அழகைப் பாக்கற மனசு. நெளிவே இல்லாத கண்ணாடிப் பரப்பு அதுக்கு நேர் எதிர். இன்னொரு வேடிக்கையும் இருக்கு. அந்தப் பரப்பைக் கொண்டுவர்ற மெருகூட்டல் முறைக்கு "ஸராட்சு"ன்னு பேரு. கேட்டா ஏதோ சாமுராய் வித்தை மாதிரி இருக்கும். ஐரோப்பாவுலேர்ந்து வந்த "சல்லாஸ்" கம்பெனி பாலிஷ் மெஷினோட பேரு ஜப்பான்காரர் வாயில அப்படி ஆயிடுச்சு, அவ்வளவுதான் :-) மெஷின் வெளியூரு. ஆனா சுத்தற தட்டுல கேஸை எந்தக் கோணத்துல, எவ்வளவு அழுத்தத்துல பிடிக்கணும்ங்கிறது கையில இருக்கு. அதுக்குப் பல வருஷப் பயிற்சி வேணும். மரபு இருந்தா அது அங்கதான் இருக்கு, பேர்ல இல்லை.

தன் கையை வெட்டின வாள்

சுவிஸ்காரங்க நடத்தின துல்லியப் போட்டிகள்ல 1964-லேர்ந்து சீக்கோ கலந்துக்கிச்சு. 1968 ஜெனிவா போட்டியில முதல் மூணு இடம் சுவிஸ் குவார்ட்ஸ் மாதிரிகளுக்கு. 4-லேர்ந்து 10 வரைக்கும் சீக்கோவோட மெக்கானிக்கல் வாட்சுகள். அதாவது ஸ்ப்ரிங்ல ஓடறதுல இவங்கதான் முதல்.

ஜெயிச்ச கையோட என்ன பண்ணினாங்க? 1969 டிசம்பர் 25-ல குவார்ட்ஸ் ஆஸ்ட்ரானை வெளியிட்டாங்க. விலை 4,50,000 யென், மாசத்துக்கு 5 செகண்ட்தான் பிசகும். அதுக்கப்புறம் நடந்தது ஊரறிஞ்ச கதை. 1970-ல 90,000 பேர் போல வேலை பார்த்த சுவிஸ் கடிகாரத் தொழில், 80-கள்ல மூணுல ஒரு பங்காச் சுருங்கிடுச்சு. ஆனா அடி சீக்கோவுக்கும்தான். 70-கள் நடுவுல கிராண்ட் சீக்கோ நின்னு போச்சு. 1988-ல திரும்பி வந்தது குவார்ட்ஸ் உருவத்துல. மெக்கானிக்கல் கிராண்ட் சீக்கோ மறுபடி வர 1998 ஆச்சு. இருபது வருஷத்துக்கு மேல இடைவெளி. கைத்தொழில்ல அது ஒரு தலைமுறை. இன்னொரு பத்து வருஷம் போயிருந்தா, சொல்லிக் கொடுக்க ஆள் இருந்திருக்குமா?

1873-ல அரசாங்கம் பண்ணினதை 1969-ல அவங்களே அவங்களுக்குப் பண்ணிக்கிட்டாங்கன்னுதான் எனக்குத் தோணுது.

திரும்பி வந்தவை

அதனாலதான் அதுக்கப்புறம் வந்த வாட்சுகளை வெறும் மார்க்கெட்டிங்னு என்னால ஒதுக்க முடியலை.

சீக்கோ இஞ்சினியர் யோஷிகாசு அகாஹானே 1977-ல ஒரு யோசனை சொன்னார். ஓட்டறது ஸ்ப்ரிங், அடக்கறது குவார்ட்ஸ். பேட்டரி கிடையாது. ஸ்ப்ரிங் சுத்தற ஒரு சின்னச் சக்கரமே துளி மின்சாரம் உண்டாக்கும், அந்த மின்சாரத்துல ஒரு காந்த பிரேக் வேகத்தைப் பிடிக்கும். 600-க்கு மேல மாதிரிகள் செஞ்சாங்க. 1999-ல ஸ்ப்ரிங் டிரைவ்ங்கிற பேர்ல விற்பனைக்கு வந்துது. அதைப் பார்க்க அகாஹானே இல்லை, 1998-ல காலமாயிட்டார். இதுல செகண்ட் முள் டிக்டிக்னு துள்ளாது. வழுக்கிட்டே போகும், சத்தமே இல்லாம. நேரத்தைத் துண்டு போடாம ஓட விடற ஒரு முள்.

நிறைய பேர் புகழற "ஸ்நோஃப்ளேக்" டயலைப் பாருங்க. நகானோ மலைப்பனி மாதிரி வெள்ளை. ஆனா வெள்ளைச் சாயமே கிடையாது. சொரசொரப்பா அச்சழுத்தி, மேல வெள்ளி முலாம். வெள்ளை வர்றது வெளிச்சம் சிதறறதுனால, நிஜப் பனியில நடக்கற மாதிரியே.

எனக்கு ரொம்பப் பிடிச்சது மியோச்சின் குடும்பத்தோட கதை. பல நூறு வருஷமா சாமுராய்களுக்குக் கவசம் அடிச்ச கொல்லர்கள். மெய்ஜி காலத்துல சாமுராயே ஒழிஞ்சபோது, கரி எடுக்கற இரும்புக் குச்சி செய்யப் போனாங்க. கரி அடுப்பும் போனப்புறம் அந்தக் குச்சிகளைக் கட்டித் தொங்கவிட்டுக் காத்தாடும் மணி ஆக்கினாங்க. 2011-ல கிரெடோர் பிராண்டுல மணியடிச்சு நேரம் சொல்ற கைக்கடிகாரம் செய்யும்போது, அதோட ஒலிக்கம்பிக்கு அவங்க அடிச்ச இரும்பைத்தான் தேடிப் போனாங்க. கவசம், குச்சி, காத்து மணி, கடைசியில கைக்கடிகாரம். அந்த இரும்புச் சத்தம் பொழைச்சது இப்படித்தான்.

கடைசியா மசாஹிரோ கிகுனோ. ஹொக்கைடோவுல பொறந்தவர், ராணுவத்துல வேலை பார்த்துட்டு கடிகாரம் படிக்க வந்தவர். 1851 கடிகாரம் அவரை ஆட்டி வெச்சிருக்கு. 2011-ல அந்த நகரும் மணிக்குறிகளைக் கைக்கடிகாரத்துக்குள்ள கொண்டு வந்துட்டார். கோடையில பகல் குறிகள் விலகும், குளிர்ல நெருங்கும், தானாவே. 1873-ல தொலைஞ்ச நேரம் 138 வருஷம் கழிச்சு ஒருத்தர் மணிக்கட்டுல திரும்பி வந்திருக்கு.

சந்தோஷம்தான். ஆனா ஒரு நெருடலும் இருக்கு. அந்தப் பழைய நேரம் எல்லாருக்கும் பொதுவா இருந்துது. கோயில் மணி அடிச்சா வயல்ல இருக்கறவனுக்கும் கேக்கும், காசு கிடையாது. இன்னிக்கு அதே நேரம் வேணும்னா விரல் விட்டு எண்ணக்கூடிய சிலரால மட்டும்தான் வாங்க முடியும். ஒரு கலையைக் காப்பாத்தப் பணக்காரன் மணிக்கட்டு மட்டும்தான் மிச்சம்னா, அது பொழைச்சதா, இல்ல மியூசியத்துக்குப் போற வழியில கொஞ்சம் இளைப்பாறுதா?

எனக்கு ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கற மாதிரிதான் தெரியுது. உங்க கட்சி என்னன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க.

பி.கு: "இவ்வளவு எழுதறியே, உன் கையில என்ன வாட்ச்?"னு கேக்கப் போறவங்களுக்கு: செல்போன்லதான் மணி பாக்கறேன். அடிக்க வராதீங்க :-)