கருணாபுரமும் கல்வராயன் மலையும்: ‘ஜட்ஜ்மென்டல்’ என்னும் சொல்லை முன்வைத்து ஓர் ஆய்வு

1. சொல்லின் எல்லை

‘ஜட்ஜ்மென்டல்’ என்ற ஆங்கிலப் பெயரடை இன்று தமிழ்ப் பேச்சில் தாராளமாகப் புழங்குகிறது. ஒருவரின் குறையைச் சுட்டினாலே ‘என்னை ஜட்ஜ் பண்ணாதே’ என்று வாயை அடைத்துவிடுகிறார்கள். இது அச்சொல்லுக்குச் செய்யும் அநியாயம். குறை சொல்வதெல்லாம் அதன் பொருளுக்குள் வராது. செயலை விட்டுவிட்டு ஆளையே எடைபோடுவது, விசாரிக்காமல் முடிவுகட்டுவது, தன்னை ஒருபடி மேலே நிறுத்திக்கொண்டு பேசுவது ஆகிய மூன்றும் சேரும்போதுதான் அச்சொல் பொருந்தும். கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் அண்மைக்கால வரலாறு இதற்குத் தக்க உரைகல்.

2. கருணாபுரத்தில் இறந்தவர்கள்

2024 ஜூன் 18 அன்று கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்திலும் சுற்றுப்பகுதிகளிலும் பாக்கெட் சாராயம் குடித்தவர்களுக்கு இரவிலேயே வயிற்றுவலி, வாந்தி, கண் மங்கல் தொடங்கியது. மறுநாள் முதல் சாவுகள். கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம், புதுவை ஜிப்மர் என்று மருத்துவமனைகளில் உயிர்கள் அடுத்தடுத்துப் போயின. இறந்தவர்கள் 60க்கும் மேல். பெரும்பாலோர் அன்றாடக் கூலிகள். பெண்களும் அவர்களில் உண்டு.

அரசு குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் அறிவித்ததும் ‘குடிச்சுட்டுச் செத்தவனுக்குப் பத்து லட்சமா?’ என்ற கேள்வி தமிழ்நாடு முழுக்கக் கேட்டது. இதில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. பிரித்துப் பார்க்க வேண்டும். தொகை சரியா என்பது அரசின் கொள்கை பற்றியது. அதை எதிர்த்துப் பொதுநல வழக்கும் வந்தது. தொகை அதிகம் என்று சென்னை உயர் நீதிமன்ற அமர்வே வாய்மொழியாகக் குறிப்பிட்டது. அப்படிக் கேட்பது எவருக்கும் உரிமை. ‘குடிகாரன்தானே, போகட்டும்’ என்பது வேறு. அங்கேதான் மூன்று கூறுகளும் ஒன்றுசேர்கின்றன.

விசாரித்திருந்தால் என்ன தெரிந்திருக்கும்? பாக்கெட்டில் இருந்தது மெத்தனால். போதை தரும் எத்தனாலிலிருந்து அதை நிறத்தாலோ மணத்தாலோ சாமானியன் பிரித்தறிய முடியாது. கல்லீரல் அதை முதலில் ஃபார்மால்டிஹைடாகவும் பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. அந்த அமிலம் பார்வை நரம்பைத் தாக்கும். ரத்தத்தில் அமிலத்தன்மையை ஏற்றி மூச்சை முட்டவைக்கும். இந்த மாற்றத்துக்குச் சில மணி நேரம் பிடிப்பதால், குடித்தவுடன் ஒன்றும் தெரியாது. தெரியும்போது பலருக்குக் காலம் கடந்துவிடுகிறது. டாஸ்மாக் குவார்ட்டருக்குக் கையில் காசில்லாத ஒருவர் மலிவாக ஒரு பாக்கெட் வாங்கினார் என்பதுதான் அவர் செய்த செயல். விஷத்தை அவர் தேர்ந்தெடுக்கவில்லை. ஓராண்டுக்கு முன், 2023 மே மாதம், மரக்காணத்திலும் சித்தாமூரிலும் 22 பேரைக் கொன்றதும் இதே மெத்தனால்தான். முன்னெச்சரிக்கை இருந்தும் தடுக்கத் தவறியவர்களைக் கேட்காமல், செத்தவனைக் கேட்டது ஊர்.

3. மலைமேல் விழுந்த பழி

சாவுகளுக்குப் பிறகு போலீஸ் படைகள் அதே மாவட்டத்தின் கல்வராயன் மலை ஏறின. ஓடைக்கரைகளில் புதைத்த பேரல்களையும் ஊறலையும் தேடி அழித்தன. மலையில் சாராயம் காய்ச்சுவோர் இருந்தது உண்மை. அது குற்றம் என்பதிலும் ஐயமில்லை. ஆனால் மெத்தனால் வெல்லத்தையும் மரப்பட்டையையும் ஊறவைத்த பானையிலிருந்து வந்ததல்ல. ஆலைகளுக்கான ரசாயனம், சமவெளி வியாபாரிகளின் கைமாறி வந்தது. இருந்தும் ‘கல்வராயன் மலைக்காரனா, சாராயம்தான்’ என்ற பேச்சு ஒரு பழங்குடி முழுவதன் மேலும் விழுந்தது.

மலையாளிகள் எனப்படும் இப்பழங்குடியினர் தமிழ் பேசுபவர்கள்; சாமையும் மரவள்ளியும் பயிரிடுபவர்கள். இம்மலை மூன்று ஜாகிர்தார்களின் பிடியில் இருந்து, 1976இல்தான் அரசின் கைக்கு முழுமையாக வந்தது. நாடு விடுதலையடைந்து கால் நூற்றாண்டுக்கு மேல் கழிந்த பிறகு! சாலையும் மருத்துவமும் அதன் பிறகும் நிதானமாகவே வந்தன. 2024இல் உயர் நீதிமன்றம் இம்மக்களின் வாழ்நிலையைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. காய்ச்சியவர் யார் என்று மட்டும் கேட்காமல், அங்கே வேறு பிழைப்பு ஏன் இல்லை என்றும் கேட்டது அந்த விசாரணை. நீதிபதிகளின் இந்த அணுகுமுறையில் தீர்ப்பு உண்டு, இகழ்ச்சி இல்லை.

4. சட்டத்தில் ஏறிய இகழ்ச்சி

ஆளையே குற்றமாகப் பார்க்கும் மனப்பான்மை பேச்சோடு நிற்பதில்லை. 1871இன் குற்றப் பரம்பரையினர் சட்டம் பிறப்பையே குற்றமாக்கியது. 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்து, முழுச் சமூகங்களையும் காவல் நிலையப் பதிவேட்டில் ஏற்றியது. இங்கே 1947இல் அது நீக்கப்பட்டது. பதிவேடு போனது; பழக்கம் போகவில்லை.

5. தீர்ப்பின் முறை

தீர்ப்பே கூடாது என்று இக்கட்டுரை வாதிடவில்லை. திருக்குறளின் தெரிந்துதெளிதல் அதிகாரம் ஒருவரின் குணத்தையும் குற்றத்தையும் நாடி, மிகுந்ததைக் கொண்டு முடிவுசெய்யச் சொல்கிறது. நாடுதல் என்ற உழைப்பு அங்கே முதல் நிபந்தனை. அந்த உழைப்பு இல்லாத முடிவையே ‘ஜட்ஜ்மென்டல்’ என்ற சொல் கண்டிக்கிறது.

கருணாபுரத்துக்கும் அந்த நாடுதல் தேவை. 2024 நவம்பரில் உயர் நீதிமன்றம் கள்ளச்சாராய வழக்கை சிபிஐக்கு மாற்றியது. கருணாபுரத்தைப் பற்றி எழுதுவோரும் பேசுவோரும் இறந்தவர்கள் குடித்தார்கள் என்பதோடு நிறுத்தாதீர்கள். மெத்தனாலை விற்றவர் யார், விற்கவிட்டவர் யார் என்பதையும் சேர்த்தே கேளுங்கள்.