அரண்மனைக் கூடத்திலிருந்து நோயாளியின் பாய்க்கு: கிருஷ்ணமாச்சாரியாரின் யோகப் பயிற்சிமுறையில் நிகழ்ந்த மாற்றம்

ஆய்வுச் சுருக்கம்

உடலை வருத்தாமல், மூச்சை முதன்மையாகக் கொண்டு, உடல்நலத்தையும் மனநலத்தையும் ஒருசேரப் பேணும் மென்மையான யோகப் பயிற்சி இன்று உலகெங்கும் பரவியுள்ளது. அது தொன்றுதொட்டு மாறாமல் வந்தது என்பர் ஒரு சாரார். மேலைநாட்டார் தம் வசதிக்கேற்ப எளிமைப்படுத்திக்கொண்டது என்பர் மற்றொரு சாரார். திருமலை கிருஷ்ணமாச்சாரியாரின் (1888–1989) மைசூர்க் காலப் பணியையும் சென்னைக் காலப் பணியையும் ஒப்பிட்டு நோக்கும் இக்கட்டுரை, அப்பயிற்சியின் முக்கியமான கிளையொன்று கற்போர் மாறியதன் விளைவாக 20ஆம் நூற்றாண்டில் உருப்பெற்றது என்பதை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: யோக சிகிச்சை, கிருஷ்ணமாச்சாரியார், தேசிகாச்சார், மைசூர் யோகசாலை, சென்னை, மூச்சுப் பயிற்சி.

முன்னுரை

யோகத்தை நோய் நீக்கும் முறையாகக் காணும் நவீன முயற்சிகள் மேற்கு இந்தியாவில் தொடங்கின. யோகேந்திரர் 1918இல் பம்பாயில் யோக நிறுவனத்தைத் தொடங்கினார். சுவாமி குவலயானந்தர் 1924இல் லோனாவ்லாவில் கைவல்யதாமத்தை நிறுவி, ஆசனங்களின் உடலியல் விளைவுகளை ஆய்வுக்கூடத்தில் அளந்தறிய முற்பட்டார். ஆகவே, யோக சிகிச்சையின் முதல்வர் கிருஷ்ணமாச்சாரியாரே எனக் கூறுதல் பொருந்தாது. பயிற்சியை ஒவ்வொருவரின் உடலுக்கும் வயதுக்கும் வாழ்நிலைக்கும் ஏற்பத் தனித்தனியே வகுக்கும் முறையை விரிவாக வளர்த்தெடுத்ததே அவருடைய பங்களிப்பாகும். அம்முறை அவரிடம் எவ்வாறு வளர்ந்தது என்பதே இக்கட்டுரையின் வினா.

மைசூர் யோகசாலை

மைசூர் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவில், 1933இல் ஜகன்மோகன் அரண்மனையின் ஒரு பகுதியில் கிருஷ்ணமாச்சாரியாரின் யோகசாலை தொடங்கியது. அரச குடும்பத்தோடு தொடர்புடைய சிறுவர்களே அங்குப் பெரும்பான்மையாகப் பயின்றனர். துள்ளும் வயதினரான அவர்களுக்கு ஏற்ற பயிற்சி வேகமும் வலிமையும் கோருவதாக அமைந்தது. பொதுமக்கள் முன்னிலையில் நிகழ்த்திய செய்முறை விளக்கங்களும் வியப்பூட்டும் கடினமான ஆசனங்களை முன்னிறுத்தின. நார்மன் ஸ்ஜோமன் 1996இலும் மார்க் சிங்கிள்டன் 2010இலும் வெளியிட்ட நூல்கள், இக்காலப் பயிற்சியில் அன்றைய உடற்பயிற்சி மரபுகளின் தாக்கத்தைச் சுட்டிக்காட்டின. பட்டாபி ஜோயிஸ் பிற்காலத்தில் பரப்பிய அஷ்டாங்க வின்யாச முறையும், பி.கே.எஸ். ஐயங்கார் வளர்த்தெடுத்த முறையும் இக்காலத்தில் வேர்கொண்டவையே.

எனினும், மைசூர்க் காலத்திலேயே மென்மைக்கான விதை இருந்தது. 1934இல் கன்னடத்தில் வெளிவந்து 1938இல் தமிழாக்கம் பெற்ற ‘யோக மகரந்தம்’ ஆசனங்களின் செய்முறையோடு அவற்றின் நோய் நீக்கும் பயன்களையும் குறிப்பிடுகிறது. 1937 அளவில் மைசூரில் பயின்ற இந்திரா தேவியின் பயிற்சி அரண்மனைச் சிறுவர்களின் பயிற்சியிலிருந்து வேறுபட்டிருந்தது. ரிகா நகரில் பிறந்த அவ்வம்மையார் பின்னர் ஹாலிவுட்டில் பயிற்சிக்கூடம் அமைத்துப் பரப்பியது அந்த மென்மையான வடிவத்தையே. மேலைநாட்டு எளிமைப்படுத்தல் எனக் கருதப்படுவதன் ஒரு பகுதி மைசூரிலேயே தொடங்கியது என்பதற்கு இது சான்றாகும்.

சென்னைக்குப் பெயர்வும் மாணாக்கர் மாற்றமும்

நாடு விடுதலை பெற்றபின் அரச ஆதரவு குன்றியது. 1950இல் யோகசாலை மூடப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில், பக்கவாதத்தால் பாதிக்கப்பட்ட சட்ட அறிஞர் ஒருவருக்குச் சிகிச்சை அளிக்கும் பொருட்டுச் சென்னைக்கு அழைக்கப்பட்ட கிருஷ்ணமாச்சாரியார் இந்நகரிலேயே தங்கிவிட்டார். அப்போது அவர் அறுபது வயதைக் கடந்திருந்தார்.

சென்னையில் அவரை நாடி வந்தோருள் முதியோர், நோயுற்றோர், அலுவலகப் பணியாளர், குடும்பப் பெண்கள் எனப் பலரும் இருந்தனர். மைசூர்ச் சிறுவர்களுக்கு வகுத்த பயிற்சி இவர்களுக்குப் பொருந்தாது. கூடத்தில் பலருக்கு ஒருசேரக் கற்பித்த ஆசிரியர், இங்கு ஒருவருக்கு ஒருவராகக் கற்பித்தார். ஆயுர்வேதம் கற்றிருந்த அவர், நாடி பார்த்து, உணவையும் உறக்கத்தையும் மனக்கவலையையும் கேட்டறிந்து, அதன்பின் பயிற்சியை வகுத்தார்.

அவருடைய மகன் தி.க.வி. தேசிகாச்சார் (1938–2016) நினைவுகூர்ந்த நிகழ்ச்சி இம்மாற்றத்தின் தன்மையை உணர்த்தும். 1960களின் தொடக்கத்தில், நியூசிலாந்திலிருந்து வந்திருந்த பெண்மணி ஒருவர், ஆசாரம் மிக்க கிருஷ்ணமாச்சாரியாரை நன்றிப் பெருக்கால் கட்டித் தழுவினார். நெடுநாள் உறக்கமின்மையால் துன்புற்ற அவர், முதன்முறையாக மருந்தின்றி உறங்கியதே அதற்குக் காரணம். பொறியியல் பட்டம் பெற்றிருந்த தேசிகாச்சார், இந்நிகழ்ச்சியே தம்மைத் தந்தையிடம் யோகம் பயிலத் தூண்டியது என்று கூறியுள்ளார்.

பயிற்சியின் உள்ளமைப்பு

சென்னை முறையில் மூச்சே அசைவை வழிநடத்துகிறது. முன்னோக்கிக் குனியும் ஆசனமொன்றில் மூச்சை உள்ளிழுக்கும்போது கைகள் உயரும். வெளிவிடும்போது உடல் மெல்லக் குனியும். ஆசனத்தின் முடிவு நிலையில் நிற்பதற்குமுன் இவ்வசைவு பலமுறை நிகழும். முதுகு இறுக்கமாக உள்ளவர் முழங்காலை மடக்கிக்கொள்ளலாம். தரையில் அமர இயலாதவர் நாற்காலியைப் பயன்படுத்தலாம். ஒவ்வோர் ஆசனத்தின் அழுத்தத்தையும் சமன்செய்ய எளிய மாற்று ஆசனம் தொடரும். ஆசனத்தின் புற வடிவத்தைவிட அது முதுகெலும்பிலும் மூச்சிலும் மனத்திலும் ஏற்படுத்தும் விளைவே இங்கு அளவுகோல்.

வயதுக்கேற்ற பயிற்சிக்குக் கிருஷ்ணமாச்சாரியார் காட்டிய ஆதாரம் ‘யோக ரகசியம்’ என்னும் நூலாகும். நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தைத் தொகுத்தவரும் தம் குல முன்னோருமான நாதமுனிகள் இயற்றிய அந்நூல், இளமையில் ஆழ்வார்திருநகரியில் தமக்குக் காட்சியில் கிட்டியது என்பது அவர் கூற்று. ஆய்வாளர் சிலர் அதனை அவருடைய சொந்த ஆக்கமாகவே கருதுகின்றனர். அவ்வாறு கொண்டாலும் அதன் வரலாற்று மதிப்பு குறையாது. புதிய தேவைக்கேற்ற புதிய முறையை மரபின் பெயராலேயே நிலைநாட்ட அவர் முயன்றதற்கு அது சான்றாக விளங்கும்.

நிறுவனமும் அளவீடும்

தேசிகாச்சார் 1976இல் சென்னையில் ‘கிருஷ்ணமாச்சாரியா யோக மந்திரம்’ நிறுவியதும் தனிப்பயிற்சி முறை நிறுவன வடிவம் பெற்றது. ‘விநியோகம்’ என்ற பெயரில் அம்முறை மேலைநாடுகளுக்கும் பரவியது. அமெரிக்காவில் நாள்பட்ட இடுப்புவலி உடையோரிடம் நடத்தப்பட்ட இரு மருத்துவ ஆய்வுகள் இம்முறையைச் சார்ந்த பயிற்சியைப் பயன்படுத்தின. 2005இல் வெளிவந்த ஆய்வில் 101 பேரும், 2011இல் வெளிவந்த ஆய்வில் 228 பேரும் பங்கேற்றனர். சுயபராமரிப்புக் கையேடு மட்டும் பெற்றோரைவிட யோகம் பயின்றோர் கூடுதல் பயன் பெற்றனர். ஆனால் இரண்டாம் ஆய்வில், யோகமும் தசைநீட்சிப் பயிற்சியும் ஏறத்தாழ ஒரே அளவு பயன் தந்தன.

இம்முடிவு மிகையான நம்பிக்கைகளுக்கு வரம்பிடுகிறது. அதேவேளையில், அளக்கப்பட்டது குழு வகுப்புகளுக்கென முன்கூட்டியே வகுக்கப்பட்ட பயிற்சி என்பதும் கருதத்தக்கது. ஆளுக்கேற்ப மாறுவதையே உயிர்நாடியாகக் கொண்ட முறையை அனைவருக்கும் பொதுவான வரிசையைக் கொண்டு முழுமையாக மதிப்பிட இயலாது.

முடிவுரை

கிருஷ்ணமாச்சாரியாரின் மைசூர்ப் பணியும் சென்னைப் பணியும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. கற்போர் யார் என்ற ஒரே கேள்விக்கு அவர் அளித்த இரு விடைகள். உலக யோக நாள் 2015 முதல் கொண்டாடப்படுகிறது. திடல்களில் ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் ஒரே ஆசனத்தைச் செய்யும் அக்காட்சி, மைசூர்ச் செய்முறை விளக்கங்களையே பெரிதும் நினைவூட்டுகிறது. உறக்கமின்றித் தவிப்பவருக்கும் முதுகுவலியால் வருந்துபவருக்கும் சென்னை அளித்த விடையே பொருத்தமானது. தனியொருவருக்காக ஆசிரியர் ஒதுக்கும் நேரம் அம்முறைக்கு இன்றியமையாதது. பெருந்திரள் பயிற்சியில் முதலில் கைவிடப்படுவதும் அந்நேரமே.