பிடி அரிசியும் மோட்டார் வண்டியும்

மோட்டார் வண்டியை முதலில் செய்தவர் யார் என்று கேட்டால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூடப் பதில் சொல்லிவிடுவார்கள். ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் என்பவர் 1886-ஆம் வருஷம் அதற்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் அந்த வண்டி நடு வழியில் மக்கர் செய்தபோது அதை மறுபடியும் ஓட வைத்தவர் யார் என்று கேட்டால் பெரியவர்களும் சற்று யோசிப்பார்கள். சரித்திரத்துக்கு இப்படி ஒரு சுபாவம். பிறந்த நாளைக் கவனமாகக் குறித்துக் கொள்ளும். வளர்த்த கதையை மறந்துவிடும்.

வளர்த்த கதையை நாமாவது பார்ப்போம். 1888 ஆகஸ்டு மாதத்தில் ஒரு நாள், பென்ஸின் மனைவி பெர்த்தா அம்மாள் கணவரிடம் சொல்லாமலே வண்டியைக் கிளப்பிக் கொண்டு, இரண்டு பிள்ளைகளுடன் தாயார் வீட்டுக்குப் புறப்பட்டார். மான்ஹைம் நகரிலிருந்து ஃபோர்ட்ஸைம் நகருக்கு நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரம். வழியில் எரிபொருள் வரும் குழாய் அடைத்துக் கொண்டது. அம்மாள் தொப்பியில் செருகியிருந்த ஊசியை எடுத்துக் குத்திச் சுத்தம் செய்தார். மின்சாரக் கம்பியின் உறை தேய்ந்து போயிற்று. காலுறையைக் கட்டும் நாடாவைக் கழற்றி அதில் சுற்றினார். இறக்கங்களில் மரத்தாலான பிரேக் கட்டை தேய்ந்தது. ஒரு செருப்புத் தைப்பவரிடம் போய் அதற்குத் தோல் வைத்துத் தைத்து வாங்கினார். இன்று உலகத்தில் ஓடும் ஒவ்வொரு வண்டியின் பிரேக்கிலும் தேய்ந்தால் மாற்றக்கூடிய ஒரு பட்டை இருக்கிறதே, அந்த யோசனைக்கு மூல புருஷர் அந்தச் செருப்புத் தொழிலாளிதான் என்று சொன்னால் தப்பில்லை. கணவர் வண்டியைக் கண்டுபிடித்தார். வண்டியைப் பார்த்துக் கொள்ளும் வித்தையை மனைவி கண்டுபிடித்தார்.

இனி ஜெர்மனியை விட்டு நம்முடைய கரிசல் பூமிக்கு வருவோம்.

விருதுநகர் என்ற பெயர் 1923-ல் வந்தது. அதற்கு முன்னால் அது விருதுபட்டி. மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ரெயில் போட்டது 1876-ல். ரெயில் வந்த பிறகும், சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து பருத்தியும் மிளகாய் வற்றலும் பயறு வகைகளும் ஊருக்கு வந்து சேர்ந்தது மாட்டு வண்டியில்தான். அந்த வண்டிக்காரர்களைப் பார்த்து, "உங்களுக்கு யந்திரப் பராமரிப்பு தெரியுமா?" என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவர்கள் சிரித்திருப்பார்கள். வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து மசகு தயார் செய்து, வண்டிக்கடியில் ஒரு குழாயில் தொங்க விட்டிருப்பார்கள். அச்சுக்கு மசகு போடாமல் பாரம் ஏற்ற மாட்டார்கள். புறப்படும் முன் கடையாணியைத் தொட்டுப் பார்ப்பார்கள். மாட்டின் காலைத் தூக்கி லாடத்தைக் கவனிப்பார்கள். இருட்டில் பத்து வண்டிகள் வரிசையாகப் போகும்போது எந்தச் சக்கரம் கிரீச்சிடுகிறது என்பதைக் காதாலேயே கண்டுபிடிப்பார்கள்.

அந்த வண்டிகள் தங்கிப் போவதற்குப் 'பேட்டை' என்ற மதில் சூழ்ந்த இடங்கள் இந்தச் சீமை நகரங்களில் இருந்தன. விருதுநகர், சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டை, திருமங்கலம் எல்லாவற்றிலும் நாடார் சமூகத்து வியாபாரிகள் பேட்டை வைத்திருந்தார்கள். வந்து போகும் சரக்குக்கு 'மகமை' என்று ஒரு சிறு தொகை எடுத்து வைப்பார்கள். அது பொதுக் காரியத்துக்கு. வீடுகளில் பெண்மணிகள் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைப்பார்கள். அது பள்ளிக்கூடத்துக்கு. அப்படிப் பிடி அரிசியால் நடந்த சத்திரிய வித்தியாசாலையில்தான் காமராஜர் படித்தார். ஒரு பிடி அரிசியால் யாருக்கும் சோறு குறைந்ததில்லை. ஆனால் பிடி பிடியாகச் சேர்ந்தபோது அது ஒரு பள்ளிக்கூடமாக நின்றது. மோட்டார் வண்டியைப் பற்றி எழுத வந்தவன் அரிசியைப் பற்றிப் பேசுகிறேனே என்று வாசகர்கள் எண்ண வேண்டாம். இரண்டும் ஒரே விஷயம்தான் என்று சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

சென்னையில் சிம்ப்ஸன் கம்பெனியார் 1903-ல் ஒரு நீராவி மோட்டார் வண்டியைக் கட்டி ஓட்டிக் காட்டினார்கள். ஆனால் தென்பாண்டிச் சீமையின் சாதாரண ஜனங்களுக்கு மோட்டார் என்றால் இன்னதென்று காட்டியவர் டி. வி. சுந்தரம் அய்யங்கார். திருக்குறுங்குடியில் 1877-ல் பிறந்தவர். வக்கீல் தொழிலையும் பார்த்து, ரெயில்வேயிலும் பாங்கியிலும் உத்தியோகமும் பார்த்துவிட்டு, அவற்றையெல்லாம் உதறிவிட்டு 1912-ல் மதுரையில் பஸ் விடத் தொடங்கினார். பாங்கி உத்தியோகத்தை விட்டுவிட்டுப் பஸ் ஓட்டப் போகிறவரைப் பார்த்து அந்தக் காலத்து உறவினர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதை ஊகித்துக் கொள்ளலாம்.

அந்தக் காலத்து மோட்டார் வண்டி லேசான பிராணி அல்ல. முன்னால் நின்று கைப்பிடியைச் சுழற்றினால்தான் என்ஜின் உயிர் பெறும்; சில சமயம் கைப்பிடி திருப்பி அடித்து மணிக்கட்டையும் ஒடிக்கும். ரேடியேட்டருக்கு அடிக்கடி தண்ணீர் காட்ட வேண்டும். மசகு வைத்த சிறு கிண்ணங்களை நாள்தோறும் ஒரு திருகு திருகிவிட வேண்டும். சில ஆயிரம் மைல் ஓடினால் என்ஜினின் தலையைக் கழற்றி உள்ளே படிந்த கரியைச் சுரண்ட வேண்டும். வால்வுகளைத் தேய்த்து உட்கார வைக்க வேண்டும். இத்தனையும் செய்த பிறகு தெருவுக்கு வந்தால், அங்கே ஒரு சத்துரு காத்திருப்பான். அவன்தான் லாடத்து ஆணி.

மாட்டின் காலிலிருந்து கழன்று விழுந்த ஆணிகள் சாலை நெடுகக் கிடக்கும். ரப்பர் டயருக்கு அதைவிட வேறு யமன் வேண்டாம். மற்றவர்கள் பஞ்சரான பிறகு ஒட்டிக் கொண்டிருந்தார்கள். டி.வி.எஸ். கம்பெனியார், பஸ் போகும் முன்னால் பெரிய காந்தத்தைக் கட்டிய வண்டியைச் சாலையில் விட்டு, ஆணிகளைப் பொறுக்கி எடுத்தார்கள் என்று இன்றும் மதுரைப் பக்கத்தில் சொல்லுவார்கள். வண்டியை நன்றாக வைத்துக் கொள்வதோடு நில்லாமல், வண்டி போகும் வழியையும் நன்றாக வைத்துக் கொள்வதற்கு ஒரு தனி மனம் வேண்டும். பஞ்சர் ஒட்டுகிறவன் பழுது பார்க்கிறான். ஆணி பொறுக்குகிறவன்தான் பராமரிக்கிறான்.

இதன் பலன் என்ன ஆயிற்று? டி.வி.எஸ். பஸ் வருவதைப் பார்த்து ஜனங்கள் கடிகாரத்தைச் சரி செய்து கொண்டார்கள் என்பது தென் ஜில்லாக்களில் பழமொழி மாதிரி ஆகிவிட்டது. கடிகாரமே இல்லாத கிராமத்துக்குப் பஸ்ஸே கடிகாரமாயிற்று. பிரசவ வேதனைப்படும் பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவும், கோர்ட்டில் கூப்பிடும் நேரத்துக்குள் போய்ச் சேரவும், பரீட்சைக்குப் பையனை அனுப்பவும், "எட்டு மணி வண்டி வரும்" என்று நம்பி வாசலில் நிற்கலாம். அந்த நம்பிக்கை டிக்கெட்டில் அச்சடித்து வரவில்லை. இரவெல்லாம் ஷெட்டில் விளக்கைத் தூக்கிப் பிடித்துக் கொண்டு வண்டிக்கடியில் படுத்துக் கிடந்த பெயர் தெரியாத மனிதர்களின் எண்ணெய்க் கறை படிந்த கைகளிலிருந்து வந்தது. கோயமுத்தூர்ப் பக்கத்தில் ஜி. டி. நாயுடு 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் ஓட்டத் தொடங்கி, பிறகு பெரிய ஸ்தாபனமாக வளர்த்ததும் யந்திரத்தின் மேல் வைத்த இதே மாதிரியான அக்கறையினால்தான்.

பிறகு யுத்தம் வந்தது. 1941-ல் பெட்ரோலுக்கு ரேஷன். 1942-ல் பர்மாவும் மலேயாவும் ஜப்பான் வசமாயின. பர்மாவோடு எண்ணெயும், மலேயாவோடு ரப்பரும் போயின. பஸ்ஸின் முதுகில் ஓர் அடுப்பைக் கட்டி, மரக்கரியை எரித்து, அந்த வாயுவினால் என்ஜினை ஓட்டினார்கள். டி.வி.எஸ். நிறுவனம் அந்தக் கரிவாயு யந்திரத்தைத் தானே தயாரித்தது. தேய்ந்த டயர்களுக்குப் புதுத் தோல் போர்த்தும் தொழிற்சாலையையும் ஏற்படுத்தியது. கரி வண்டிக்குச் சக்தி குறைவு. மேடு வந்தால் பிரயாணிகள் இறங்கித் தள்ளிய கதையைத் தாத்தாமார்கள் ரசித்துச் சொல்லுவார்கள். ஆனால் அவர்கள் சொல்லாத ஒன்று உண்டு. தினந்தோறும் சாம்பலை அள்ளி, வடிகட்டியைக் கழுவி, கரித்தூள் என்ஜினுக்குள் புகாமல் காத்தால்தான் அது ஓடும். ஒரு நாள் சோம்பினால் சிலிண்டர் தேய்ந்துவிடும். பராமரிப்பு என்பது நல்ல காலத்தில் ஒரு பழக்கம். கெட்ட காலத்தில் அதுதான் பிழைப்பு.

சுதந்திரத்துக்குப் பிறகும் பல வருஷங்கள் வெளிநாட்டு வண்டி இறக்குவது கஷ்டமாக இருந்தது. அம்பாஸடர், ஃபியட், ஸ்டாண்டர்டு என்று விரல் விட்டு எண்ணக்கூடிய கார்கள்தான். பணம் கட்டிவிட்டு வருஷக் கணக்கில் காத்திருக்க வேண்டும். அப்படி வந்த காரை மனிதர்கள் வீட்டுப் பசுவைப் போலப் பார்த்துக் கொண்டதில் ஆச்சரியம் இல்லை. பழுது பார்த்துப் பழகிய கைகளுக்கு உதிரிப் பாகங்கள் செய்யவும் வந்தது. 1962-ல் பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் போன்ற கம்பெனிகள் தோன்றின. 1972-ல் பஸ்கள் அரசாங்கத்தின் வசம் போய்ப் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் ஏற்பட்டது. பஸ்ஸில் எழுதியிருந்த பெயர் மாறியது. லாடத்து ஆணியும் கரிசல் புழுதியும் மாறவில்லை.

கரிசல் புழுதி என்றதும் சிவகாசிச் சாலை நினைவுக்கு வருகிறது. 1922-ல் அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இருவர் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். அங்கிருந்துதான் இன்றைய சிவகாசி பிறந்தது. விருதுநகரிலிருந்து தென்காசிக்குச் சிவகாசி வழியாக ரெயில் வந்தது 1927-ல். இப்போது பட்டாசும் தீப்பெட்டியும் காலண்டரும் லாரி ஏறித்தான் தேசமெங்கும் போகின்றன. அந்தச் சாலையோரத்து டீக்கடைகளில் நான் விரும்பிப் பார்க்கும் காட்சி ஒன்று உண்டு. லாரி டிரைவர் டீ குடிக்கும் முன்னால், ஒரு கட்டையை எடுத்து டயர்களை ஒவ்வொன்றாகத் தட்டிக் கொண்டு போவார். நல்ல டயர் 'டங்' என்று பேசும். காற்றுப் போன டயர் 'டப்' என்று முனகும்.

பின்னால் இரட்டையாகப் பூட்டிய டயர்களில் உள்பக்கத்து டயர் கண்ணுக்குத் தெரியாது. அதில் காற்றுக் குறைந்தால் அது நசுங்கிச் சூடேறும். பக்கத்து டயரோடு உரசும். அப்படியே நெடுந்தூரம் ஓடினால் தீப்பற்றவும் கூடும். சிமெண்டு லாரியானால் சிமெண்டு தப்பிவிடும். பட்டாசு லாரியானால்? வெடிபொருள் ஏற்றும் வண்டிகளின் புகைக்குழாயில் பொறி பறக்கக் கூடாது, மின்சாரக் கம்பிகள் பத்திரமாக இருக்க வேண்டும் என்றெல்லாம் சட்ட விதிகள் இருக்கின்றன. சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. கட்டை டிரைவரின் கையில் இருக்கிறது. மற்ற ஊரில் பராமரிப்பு என்பது செலவு சம்பந்தமான விஷயம். இங்கே அது உயிர் சம்பந்தமானது. யோசித்துப் பார்த்தால், பிரேக் உள்ள எந்த வண்டிக்கும் எந்த ஊரிலும் அதே கதைதான். சிவகாசியில் அது வெளிப்படையாகத் தெரிகிறது, அவ்வளவே.

இன்றையக் கார்கள் எவ்வளவோ சாது. கைப்பிடி இல்லை, மசகுக் கிண்ணம் இல்லை. அதனாலேயே நாம் அவற்றை மறந்து விடுகிறோம். எண்ணெய் குறைந்தால் முன்பலகையில் சிவப்பு விளக்கு எரிகிறது. அதைக் கண்டதும் வண்டியை நிறுத்துவதற்குப் பதிலாக, "வீட்டுக்குப் போய்ப் பார்த்துக் கொள்ளலாம்" என்று ஓட்டுகிறவர்கள் உண்டு. கிரீச்சிட்ட சக்கரத்தைக் காதால் கேட்டு வண்டியை நிறுத்திய அந்தப் பழைய மாட்டு வண்டிக்காரர் இவர்களைவிடப் படித்தவர் என்பேன்.

நம் கரிசல் சீமையில் கார் வைத்திருப்பவர் செய்ய வேண்டியது அதிகம் இல்லை. கோடையில் புழுதி காற்று வடிகட்டியை அடைத்து என்ஜினுக்கு மூச்சுத் திணற வைக்கும். கம்பெனிப் புத்தகம் சொல்லும் கெடுவுக்கு முன்பாகவே அதைப் பார்த்துவிட வேண்டும். இங்கே பல கிணறுகளில் உப்புத் தண்ணீர்; அதை ரேடியேட்டரில் ஊற்றினால் உள்ளே காறை படியும். அதற்கென்று விற்கும் குளிர்ச்சித் திரவத்தையே ஊற்ற வேண்டும். என்ஜின் சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கக் கூடாது. டயரின் காற்றைக் காலையில், வண்டி ஓடிச் சூடேறும் முன்னால் அளந்து பார்க்க வேண்டும். உபரிச் சக்கரத்தையும் சேர்த்துத்தான். ஐப்பசி மழையில் சக்கர மறைப்புக்குள் அப்பிக் கொள்ளும் கரிசல் மண்ணைக் காயவிடாமல் கழுவ வேண்டும். அது ஈரத்தைப் பிடித்து வைத்துக் கொண்டு தகட்டைத் தின்னும். உலர்ந்த புழுதியின் மேல் வெறும் துணியைப் போட்டுத் தேய்க்கக் கூடாது; மண் துகள் வர்ணத்தைக் கீறிவிடும். என்ஜின் எண்ணெய்க்குக் கிலோமீட்டர் கணக்கு மட்டும் போதாது, மாதக் கணக்கும் உண்டு. ஷெட்டில் சும்மா நிற்கும் காரிலும் எண்ணெய்க்கு வயதாகிறது. பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். காலாகாலத்தில் மாற்றாவிட்டால், நீண்ட இறக்கத்தில் அது கொதித்துக் காலை வாரிவிடும். மின்சாரக் கார் வாங்கியவர்கள் எண்ணெய்க் கவலை தீர்ந்தது என்று மகிழலாம். டயரும் பிரேக்கும் அவர்களையும் விடாது.

இவற்றில் எதற்கும் பெரிய சாமர்த்தியம் தேவையில்லை. வாரத்தில் ஒரு நாள் காலையில், காப்பி ஆறுவதற்குள் முடியக் கூடிய வேலை பாதி. மீதி வேலைக்கு ஒரு நல்ல மெக்கானிக்கும், தேதி குறித்து வைக்க ஒரு சிவகாசிக் காலண்டரும் போதும். ஆனாலும் ஆயுத பூஜையன்று சந்தனமும் குங்குமமும் வைத்து, எலுமிச்சம் பழத்தை நசுக்கிவிட்டு, அடுத்த ஆயுத பூஜை வரையில் பானெட்டைத் திறக்காதவர்கள் நம்மில் அநேகர். பூஜை வேண்டியதுதான். முந்நூற்று அறுபத்து நான்கு நாளையும் விட்டுவிட்டு ஒரு நாளில் சரிக்கட்ட முடியாது என்பது சாமிக்கும் தெரியும், என்ஜினுக்கும் தெரியும்.

விருதுநகர்ப் பெண்மணிகள் பள்ளிக்கூடம் கட்ட வேண்டும் என்று ஒரே நாளில் மூட்டை மூட்டையாக அரிசி கொட்டவில்லை. உலை கொதிக்கும்போதெல்லாம் மறக்காமல் ஒரு பிடி. அது குறைந்ததாகவும் தெரியவில்லை, கொடுத்ததாகவும் தெரியவில்லை. யந்திரம் கேட்பதும் அந்த ஒரு பிடிதான். அதை நாள் தவறாமல் கொடுத்தவர்களின் வண்டி நேரத்துக்கு வந்தது. அதை நம்பி வாசலில் நின்றவர்கள் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.