மரச் சிற்பமும் சிற்பியின் கருவிகளும்

மரச் சிற்பம் என்பது, பருவமறிந்து வெட்டி நிழலில் உலர்த்திய மரத்தில் தெய்வ உருவங்களையும், யாளி, அன்னம், கொடி, மலர் முதலான அலங்காரங்களையும் புடைப்பாகவோ முழு வடிவாகவோ உளியால் செதுக்கும் கலையாகும். தமிழகத்தில் இது கோயில் தேர்களிலும் உற்சவ வாகனங்களிலும், செல்வர் இல்லங்களின் நிலை, கதவு, தூண் ஆகியவற்றிலும் உன்னத நிலையை எய்தியது. விசுவகர்ம மரபினரான தச்சர்கள் இதனைப் பரம்பரை வித்தையாகக் காத்து வந்தனர். தான் ஏந்தும் உளியைத் தானே வடித்துக்கொள்வதும், வடிக்க இயலாதபோது கொல்லனின் உலைக்கு அருகே நின்று தன் கைக்கேற்றபடி வடிப்பித்துக்கொள்வதும் அம்மரபில் கலையின் ஓர் அங்கமாகவே விளங்கின.

தேருக்கு இலுப்பை மரமே சிரேஷ்டமானது. கனமும் உறுதியும் உடைய அம்மரம் வெயிலையும் மழையையும் நெடுங்காலம் தாங்கவல்லது. தேக்கும் வேங்கையும் அடுத்த நிலையில் வைக்கத் தக்கவை. பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூரில் பச்சைமலைப் பகுதியிலிருந்து வரும் வாகை, மா, வேம்பு முதலிய மரங்களில் ஒரே கட்டையிலிருந்து முழு உருவத்தையும் செதுக்கி எடுக்கும் வழக்கம் நிலைபெற்றுள்ளது.

தேர்ச் சிற்பத்தின் விசேஷம் அதன் ஆழத்தில் உள்ளது. அலங்காரத்துடன் 96 அடி உயரமும் ஏறத்தாழ 300 டன் எடையும் கொண்டதாகச் சொல்லப்படும் திருவாரூர் ஆழித்தேரில்கூட, மூங்கிலும் துணியும் கொண்டு எழுப்பப்படும் மேற்பகுதியை நீக்கிவிட்டால், சிற்பம் அனைத்தும் சக்கரங்களுக்கு மேல் தட்டுத் தட்டாக விரியும் மரப்பகுதியிலேயே அமைந்திருக்கக் காணலாம். திறந்த வெளியில், உச்சி வெயிலில், கூட்டத்தின் நடுவே நகர்ந்து செல்லும்போது தூரத்தில் நிற்பவன் காணவேண்டிய உருவங்கள் அவை. ஆதலால் சிற்பி உருவத்தின் பின்னுள்ள தரையை ஆழமாகத் தாழ்த்தி, உருவத்தை நன்கு வெளியே தள்ளி, நிழலே கோடாக விழும்படி செய்கிறான். பலகைகள் தனித்தனியே செதுக்கப்பட்டுக் காடியும் கழுந்துமாகச் சட்டத்தில் பொருத்தப்படுவதால், பழுதுற்ற ஒன்றை மட்டும் கழற்றிப் புதிதாக மாற்றவும் இயலும்.

செட்டிநாட்டு வேலை இதற்கு நேர்மாறானது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் 1940-கள் வரை நகரத்தார் எழுப்பிய மாளிகைகளின் தலைவாசல்களில், பர்மாவிலிருந்து கப்பலேறி வந்த தேக்கில், கஜலட்சுமியும் கொடிக்கருக்கும் கிளிகளும் மிக நுண்ணிய புடைப்பாக நிற்கின்றன. வீட்டினுள் நுழைபவன் கையெட்டும் தூரத்திலிருந்து நோக்குவதற்காகவே அவை செதுக்கப்பட்டமையால் அங்கு ஆழம் தேவைப்படவில்லை. தேர்ச் சிற்பத்தையும் வாசல் சிற்பத்தையும் ஒரே அளவுகோலால் மதிப்பிடுவோர் இவ்வேற்றுமையைக் கருதாமல் ஒன்றை முரட்டுத்தனமானது என்றும் மற்றொன்றை நளினமானது என்றும் கூறுவது பொருந்தாது.

உருவங்களின் அளவு தாலமானத்தால் நிர்ணயிக்கப்படுகிறது. முக நீளத்தை ஒரு தாலமாகக் கொண்டு, அதைப் பன்னிரண்டு அங்குலங்களாகப் பகுத்து, நவதாலப் பிரதிமைக்கு 108 அங்குலமும், பிரதான தெய்வங்களுக்குரிய உத்தம தசதாலத்திற்கு 124 அங்குலமும் கொள்வர். இவ்வங்குலம் உருவத்தின் உயரத்திலிருந்தே பிறப்பதால், சாண் அளவுப் பலகைக்கும் ஆளுயரக் கட்டைக்கும் ஒரே லட்சணம் செல்லும். கோடு கீறியபின் வாய்ச்சியால் மிகுமரம் கழிக்கப்படும். அகன்ற உளியால் தரை தாழ்த்தப்படும். பின்னர் வாய் வளைந்த உளிகளால் அவயவங்கள் உருட்டப்பட்டு, இறுதியில் ஊசிபோன்ற உளிகளால் கண்ணும் ஆபரணமும் பிறக்கும். நாரோட்டத்தை எதிர்த்துச் செல்லும் உளி மரத்தைப் பிளந்துவிடுமாகையால், ஒரு மலரின் ஒரே இதழில்கூடச் சிற்பி பலமுறை திசை மாற்ற நேரும்.

ஒரு கொடியின் வளைவு உளியின் வாய் வளைவிலிருந்தே வருகிறது. ஒரு முத்துவரியின் அகலம் ஓர் உளியின் அகலமே. எனவே கடையில் கிடைக்கும் உளிகளை மட்டும் நம்பியிருப்பவனின் அலங்காரங்கள் அவ்வுளிகளின் எல்லைக்குள் அடங்கிவிட, வேண்டிய வாயைத் தானே அமைத்துக்கொள்பவன் வேண்டிய வடிவத்தையும் அடைகிறான். தேய்ந்த அரங்களும் வண்டிகளின் பழைய வில்பட்டைகளும் இதற்கு ஏற்ற எஃகாகும். அரத்தைச் செந்தழலாகக் காய்ச்சிச் சாம்பலில் புதைத்து மெல்ல ஆறவிட்டால் அது இளகும். அந்நிலையில் அடித்தும் அராவியும் வாயை உருவாக்கலாம். பிறகு மீண்டும் காய்ச்ச வேண்டும். காந்தம் ஒட்டாத நிலை, அதாவது ஏறக்குறைய 770 பாகை செல்சியஸ் வெப்பம், வந்ததும் இன்னும் சிறிது சூடேற்றி, எண்ணெயிலோ நீரிலோ தோய்த்தால் எஃகு கண்ணாடியைப் போலக் கடினமாகி, அதைப் போலவே எளிதில் நொறுங்கவும் செய்யும். அந்நொறுங்கும் தன்மையைத் தணிப்பதே பதம் வைத்தல். வாயை மினுக்கி, வால்பக்கமிருந்து மெதுவாகச் சூடேற்றுகையில் எஃகின்மேல் வைக்கோல் நிறமும், பின் பழுப்பும், ஊதாவும், நீலமும் முறையே ஓடிவரும். கையால் தள்ளும் நுண்ணுளிக்கு வைக்கோல் நிறத்தில், சுமார் 225 பாகையில், நிறுத்திவிடலாம். கொட்டாப்புளி என்னும் மரச் சுத்தியின் அடியைத் தாங்கவேண்டிய உளிக்குப் பழுப்பு வரும்வரை பொறுத்தல் நலம். நீலம் வாயை எட்டிவிட்டால் கருக்கு மடங்கும். வேலையை முதலிலிருந்து தொடங்குவதே வழி. இந்தச் சில விநாடி நிறமாற்றத்தைக் கண்ணால் அறியும் பயிற்சியை நூல்களால் தந்துவிட முடியாது.

கொட்டாப்புளியைப் புளியமரத்தின் வயிரத்தில் கடைந்துகொள்வர். நிலைச்சட்டங்களில் நூல்வரிகளை ஓட்டும் இழைப்புளிகளையும் தச்சர் தாமே செய்துகொண்டனர். வேண்டிய வரியின் எதிர்வடிவத்தைத் தகட்டின் வாயில் அராவி, அதற்கிசைய இழைப்புளிக் கட்டையின் அடியைக் குடைந்தால் போதும்.

மாமல்லபுரத்தில் 1957-இல் தொடங்கப்பெற்ற அரசு சிற்பப் பயிற்சி நிலையம் பின்னர் கல்லூரியாக வளர்ந்து இக்கலையைக் கற்பித்து வருகிறது. அரும்பாவூர் மரச் சிற்பத்திற்கு 2020-லும், கள்ளக்குறிச்சி மரச் சிற்பத்திற்கு 2021-லும் புவிசார் குறியீடு கிடைத்தது. காரைக்குடிக் கடைத்தெருவில் இடிக்கப்பட்ட மாளிகைகளின் கதவுகளும் தூண்களும் விலைக்குக் கிடைக்கின்றன. வாங்குவோர் அவற்றைப் போற்றுகின்றனர். அக்கதவுகளைச் செதுக்கிய உளிகளுக்கோ அத்தகைய ஆதரவு இல்லை. ஒரு தச்சர் மறைந்தபின் அவருடைய உளிப்பெட்டியைப் பழைய இரும்பாக எடைக்குப் போடாமல், எந்த உளி எந்த வரிக்கு உரியது என்று எழுதி வைத்து, ஊர்க் கோயிலிலோ அருங்காட்சியகத்திலோ ஒப்படைக்குமாறு அக்குடும்பத்தாரை வேண்டிக்கொள்கிறோம்.