தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் தொழில் நிறுவனங்கள்: வரவும் வெளியேற்றமும்

ஆழ்வார்குறிச்சி, தாமிரபரணியின் துணையாறான கடனாநதிக் கரையில் அமைந்துள்ள பேரூராட்சி ஆகும். 2019 நவம்பர் வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த இவ்வூர், தற்போது தென்காசி மாவட்டத்தில் உள்ளது. சென்னையின் பெரிய தொழிற்குழுமங்களுள் ஒன்றை உருவாக்கியவர் பிறந்த ஊர் இது. ஆயினும் அக்குழுமத்தின் ஆலைகள் இப்பகுதியில் அமையவில்லை. ஒரு நிறுவனம் ஓர் இடத்தை ஏன் தேர்ந்தெடுக்கிறது, படித்தவர்களும் தொழில் தெரிந்தவர்களும் ஓர் ஊரில் தங்குவதற்கும் அதை விட்டுச் செல்வதற்கும் காரணங்கள் யாவை என்னும் கேள்விகளுக்கு இப்பள்ளத்தாக்கின் வரலாறு விடை தருகிறது.

இடத் தேர்வு பற்றிய கருத்துகள்

ஆங்கிலேயப் பொருளியலாளர் ஆல்ஃபிரட் மார்ஷல் 1890 இல் வெளியிட்ட நூலில், ஒரே வகைத் தொழில்கள் ஓரிடத்தில் கூடும்போது தேர்ந்த தொழிலாளர்களும் துணைத் தொழில்களும் அங்கே சேர்வதை விளக்கினார். ஜெர்மானியரான ஆல்ஃபிரட் வெபர் 1909 இல், மூலப்பொருளையும் உற்பத்திப் பொருளையும் ஏற்றிச் செல்லும் செலவு, கூலி, தொழில்கள் ஒன்றுகூடுவதால் வரும் நன்மை ஆகியவற்றைக் கொண்டு தொழிலகத்தின் இருப்பிடத்தைக் கணித்தார்.

ஐரோப்பாவில் கஷ்மன் அண்ட் வேக்ஃபீல்டு நிறுவனம் 1990 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள், 500 நிறுவனங்களின் உயர் அலுவலர்களிடம் கருத்துக் கேட்டு நகரங்களைத் தரவரிசைப்படுத்தியது. சந்தையை எளிதில் அணுகுதல், தகுதியான பணியாளர் கிடைத்தல், தொலைத்தொடர்பின் தரம், போக்குவரத்து இணைப்பு ஆகியவையே முதன்மைக் காரணங்களாகக் கூறப்பட்டன. இலண்டன் தொடர்ந்து முதலிடம் பெற்றது.

அருவியைத் தேடி வந்த ஆலை

இப்பள்ளத்தாக்கிற்கு முதலில் வந்த பெரிய ஆலை, ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஹார்வி, ஃபிராங்க் ஹார்வி சகோதரர்கள் 1880களில் பாபநாசத்தில் அமைத்த நூற்பாலை ஆகும். அப்போது அம்பாசமுத்திரத்திற்கு இரயில் பாதை கிடையாது. தூத்துக்குடித் துறைமுகம் 1876 இல் மதுரையுடன் இரயிலால் இணைக்கப்பட்டிருந்தது. ஆனால் திருநெல்வேலியிலிருந்து மேற்கே செங்கோட்டை வரை இரயில் வந்தது 1903 இல்தான்.

இரயில் இல்லாத மலையடிவாரத்தை அவர்கள் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் தாமிரபரணியின் நீர்வீழ்ச்சி. நிலக்கரியைத் தொலைவிலிருந்து விலை கொடுத்துக் கொண்டுவர வேண்டியிருந்த காலத்தில், ஆற்று நீரே எந்திரங்களை இயக்கியது. பருத்தி கரிசல் காட்டில் விளைந்தது. ஆலைத் தொழிலாளர்களின் ஊராக விக்கிரமசிங்கபுரம் வளர்ந்தது. ஹார்வி ஆலைகள் பிற்காலத்தில் மதுரா கோட்ஸ் என்னும் பெயரைப் பெற்றன.

1944 இல் பாபநாசம் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. ஆற்றின் ஆற்றல் மின்கம்பி வழியாகத் தொலைவில் உள்ள ஊர்களுக்கும் சென்றது. ஆற்றலுக்காக ஆலை அருவியின் அருகே இருக்க வேண்டிய தேவை இதனால் குறைந்தது.

சென்னை சென்ற தொழில்முனைவோர்

ஆழ்வார்குறிச்சியில் 1905 இல் பிறந்த எஸ். அனந்தராமகிருஷ்ணன், 1938 இல் அமால்கமேஷன்ஸ் குழுமத்தைச் சென்னையில் நிறுவினார். 1840 இல் தொடங்கப்பட்ட சிம்சன் நிறுவனம் இக்குழுமத்தின் மையமாயிற்று. 1949 இல் இந்தியா பிஸ்டன்ஸ் நிறுவனமும் 1960 இல் டிராக்டர் செய்யும் டாஃபே நிறுவனமும் தொடங்கப்பட்டன. ஒரு நிறுவனம் எஞ்சின் செய்ய, மற்றொன்று அதற்கான உதிரிபாகம் செய்தது. துறைமுகமும் பெரிய சந்தையும் பட்டறைத் தொழில் கற்றவர்களும் சென்னையில் இருந்தனர். மார்ஷல் கூறிய ஒன்றுகூடலுக்கு இது தமிழ்நாட்டு எடுத்துக்காட்டு.

அவருக்கு முன்பே திருக்குறுங்குடியைச் சேர்ந்த டி. வி. சுந்தரம் ஐயங்கார் 1911 இல் மதுரையில் தம் போக்குவரத்துத் தொழிலைத் தொடங்கியிருந்தார். கல்லிடைக்குறிச்சியைச் சேர்ந்த எஸ். என். என். சங்கரலிங்க ஐயர் 1946 இல் நிறுவிய இந்தியா சிமெண்ட்ஸ், சுண்ணாம்புக்கல் கிடைத்ததால் 1949 இல் திருநெல்வேலியை அடுத்த தாழையூத்தில் ஆலை அமைத்தது. ஆனால் அதன் தலைமை அலுவலகம் சென்னையில் அமைந்தது.

கல்வி வளர்ந்தும் வேலை வளராமை

இப்பகுதியில் கல்விக்குக் குறைவில்லை. பாளையங்கோட்டை "தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு" என அழைக்கப்படுகிறது. அங்குத் தூய சவேரியார் கல்லூரி 1923 இல் தொடங்கப்பட்டது. திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி 1965 இலும், அரசு பொறியியல் கல்லூரி 1981 இலும், மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் 1990 இலும் தோன்றின. ஆழ்வார்குறிச்சியில் உள்ள ஸ்ரீ பரமகல்யாணி கல்லூரி, அருகிலுள்ள சிவசைலம் கோயிலின் அம்மன் பெயரைத் தாங்கியது.

படிப்பு இங்கேயும் வேலை வேறிடத்திலும் இருந்தன. பட்டம் பெற்றவர்கள் சென்னை, மும்பை, பெங்களூரு, வளைகுடா நாடுகள் எனச் சென்றனர். அவர்கள் அனுப்பிய பணம் வீடுகளை உயர்த்தியது. ஆனால் வயதான பெற்றோர் தனியே வாழும் தெருக்களும் உருவாயின. கல்லூரி மட்டுமே திறனாளர்களை ஓர் ஊரில் நிறுத்திவிடாது என்பதை இது காட்டுகிறது.

நாங்குநேரியும் மத்தளம்பாறையும்

நாங்குநேரியில் சிறப்புப் பொருளாதார மண்டலம் அமைக்கத் திட்டமிடப்பட்டது. பரந்த நிலம், கன்னியாகுமரி நெடுஞ்சாலை, வரிச் சலுகை ஆகியவை இருந்தும் எதிர்பார்த்த அளவில் நிறுவனங்கள் நீண்ட காலம் வரவில்லை.

தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் நடந்தது வேறு. மென்பொருள் நிறுவனமான சோஹோ, 2011 இல் தென்காசிப் பகுதியில் சிறிய அளவில் அலுவலகம் தொடங்கியது. பள்ளிப் படிப்பு முடித்தவர்களைக் கட்டணமின்றி, உதவித்தொகையும் கொடுத்துத் தன் பயிற்சிப் பள்ளியில் சேர்த்தது. தகுதியான பணியாளர் கிடைக்கும் நகரத்தைத் தேடிச் செல்லாமல், இருக்கும் ஊரிலேயே அவர்களை உருவாக்கியது. நிறுவனரான ஸ்ரீதர் வேம்புவும் 2019 இல் இப்பகுதிக்குக் குடிவந்தார். மென்பொருளுக்கு மூலப்பொருள் ஏற்றிவரும் செலவு இல்லை. இணைய இணைப்பு இருந்தால் உலகச் சந்தையை அணுகலாம். எனவே வெபர் கணக்கிட்ட போக்குவரத்துச் செலவு இங்கு ஏறத்தாழ மறைந்துவிடுகிறது.

திருநெல்வேலியை அடுத்த கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டையில் டாடா பவர் குழுமம் அமைத்துள்ள சூரிய மின்தகட்டு ஆலை அண்மைய எடுத்துக்காட்டு. அதன் பணியாளர்களில் பெரும்பாலோர் பெண்கள். குடும்பத்தை விட்டுத் தொலைதூரம் செல்ல இயலாத பெண்களுக்கு அருகில் கிடைக்கும் ஆலை வேலை பெரிய மாற்றமாகும்.

மதிப்பீடு

நிறுவனங்களை ஈர்க்கும் காரணம் காலத்திற்கேற்ப மாறியுள்ளது. 1880களில் அது நீர்வீழ்ச்சி. 1940களில் பெருநகரச் சந்தை. இன்று பயிற்சி பெற்ற மனிதர்கள். நிலமும் சலுகையும் தேவையே என்றாலும் அவை மட்டும் போதா என்பதற்கு நாங்குநேரி சான்று.

பாபநாசம் ஆலையின் வரலாறு ஓர் எச்சரிக்கையையும் தருகிறது. ஓர் ஆலையை மட்டுமே நம்பி வளர்ந்த ஊரில், அந்த ஆலை தளர்ந்தால் வேலைக்கு மாற்று வழி இருக்காது. ஒரே மென்பொருள் நிறுவனத்தை நம்பும் ஊருக்கும் இது பொருந்தும். ஒரு வேலையை விட்டவர் ஊரை விடாமலே அடுத்த வேலையைத் தேடிக்கொள்ளும் அளவுக்குப் பல நிறுவனங்கள் அமைய வேண்டும். நல்ல பள்ளி, மருத்துவமனை, தடையற்ற மின்சாரம், இணையம், போக்குவரத்து ஆகியவையும் உடன் வளர வேண்டும். அப்போதுதான் ஊரில் தங்குவது இப்பள்ளத்தாக்கின் இளைஞர்களுக்குத் தியாகமாக இல்லாமல், வெளியூர் செல்வதற்கு இணையான ஒரு வாய்ப்பாக அமையும்.